பச்சை மாப்பிள்ளையும் ஆறு பாட்டில்களும்

மேசையைப் பார்த்ததும் சுஜா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மேசை மேல் வட்டங்கள் இருந்தன. வெள்ளை அட்டை வட்டங்கள். கட்டுக் கட்டாக ரப்பர் பேண்ட் போட்டு, வரிசை பிசகாமல் அடுக்கி, தூசி படாதபடி மேலே ஒரு நியூஸ்பேப்பரும் போர்த்தியிருந்தது. அடுக்கிய கையில் அவ்வளவு அக்கறை.

ஒரே ஒரு சிக்கல். அவள் செய்யச் சொன்னது வட்டம் இல்லை.

"மாரியக்கா, கேரியர் எங்க?"

பஞ்சிங் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த மாரீஸ்வரி நிமிர்ந்தாள். முகத்தில் வேலையை முடித்துவிட்டவளின் பெருமை.

"கண்ணு முன்னால அடுக்கி வச்சிருக்கேம்லா பிள்ள."

"இது ஓட்டையில இருந்து விழுந்த வேஸ்ட்டுக்கா. இதச் சுத்தி இருந்தது எங்க?"

"அந்த வலையா? அதச் சாக்குல போட்டு நல்லா மிதிச்சு, நேத்தே ரத்திப் பேப்பர்க் கடைக்கு அனுப்பியாச்சு. பட்டறையில குப்ப சேரக் கூடாதுன்னு உங்க அப்பாதான சொல்லுவாரு."

மாரீஸ்வரியைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் சந்தில், இரும்பு ஏணி ஏறிப் போனால் வருவது சூசைமாணிக்கத்தின் அட்டைப் பட்டறை. அங்கே செய்வது ஸ்வீட் பாக்ஸ். பெரிய அட்டை ஷீட்டை மெஷினில் கொடுத்தால், கத்தி பதித்த அச்சு 'டக்'கென்று இறங்கும். உள்ளே வடிவமாக வெட்டுப்பட்டு வருவது சரக்கு. சுற்றிலும் வலை மாதிரி மிஞ்சுவது வேஸ்ட். அங்கே வேலைக்குச் சேர்கிற யாருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. வேறு பாடமே கிடையாது.

சுஜா வரைந்த கேரியரோ, தானே ஒரு வலை. ஆறு பாட்டில்களின் கழுத்தை ஆறு ஓட்டையில் நுழைத்து, மேலே மூடியைத் திருகினால், மூடி அட்டையில் உட்கார்ந்துகொள்ளும். நடுவில் விரல் விட இரண்டு ஓட்டை. தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். அதோடு விட்டாளா? எங்கெல்லாம் அட்டை சும்மா இருப்பதாகத் தோன்றியதோ அங்கெல்லாம் வைர வடிவத்தில் இன்னும் கொஞ்சம் வெட்டினாள். சினிமா வாய்ப்புக்காகப் பட்டினி கிடந்த பெண் மாதிரி கேரியர் எலும்பும் தோலுமாக ஆனது. சுஜாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பெருமை பிடிபடவில்லை.

நேற்று மாலை அவள் செம்பூரில் ஒரு கல்யாண வீட்டுக்கு ஸ்வீட் பாக்ஸ் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. மாதிரி ஒன்றை வெட்டிக் காட்டிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. வழியிலிருந்து போன் பண்ணி, வட்டம் மட்டும் பிசிறு இல்லாமல் வர வேண்டும் என்று சொன்னாள். மாரீஸ்வரி அந்தச் சொல்லை அப்படியே காப்பாற்றியிருந்தாள். ஒரு வட்டத்தில்கூடப் பிசிறில்லை. வைர வடிவத் துண்டுகளைத் தனியாக ஒரு பையில் போட்டு முடிச்சும் போட்டிருந்தாள்.

புதிதாக வெட்டலாமென்றால் அட்டை இல்லை. மில் ஏஜென்ட்டிடம் கெஞ்சி வாங்கிய உயர்ந்த ரக மாதிரி ஷீட்கள், கடைசி ஷீட் வரை மெஷினுக்குள் போய்விட்டன.

இன்று பதினொரு மணிக்கு மாட்டுங்காவில் வானமாமலையைப் பார்க்க வேண்டும்.

வானமாமலை ஆபீஸ் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு புளிக்காய்ச்சல் வியாபாரத்தில் இறங்கியவர். புளிக்காய்ச்சல், வத்தக்குழம்பு, தக்காளித் தொக்கு என்று ஆறு வகை, அகன்ற வாய்க் கண்ணாடி பாட்டில்களில். கல்யாண் வரைக்கும் வாடிக்கை. மனிதருக்கு வீண் என்ற சொல்லே ஆகாது. வந்த கடித உறைகளைப் பிரித்து உட்பக்கத்தில் எழுதுவார். காலண்டர் தாளைக் கிழித்தால் அது மறுநாள் பொட்டலமாகும். பாட்டில்களை மூடிய பெட்டியில் போட்டு விற்றுக்கொண்டிருந்தவருக்கு, அந்தப் பெட்டி அட்டையைத் தின்கிறதே என்று தூக்கம் வரவில்லை.

அவரிடம்தான் சுஜா தன் கேரியரின் எடையைச் சொல்லி ஆளை அசத்தியிருந்தாள். உங்கள் பெட்டியின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட வராது என்று சவால் விட்டிருந்தாள். அவர் சொன்ன நிபந்தனை இரண்டு. ஒன்று, அட்டையை அவரே வாங்கிப் போடுவார், பட்டறை வெட்டிக் கொடுத்தால் போதும். இரண்டு, ஆறு பாட்டிலை அவரே கையில் தூக்கிக்கொண்டு ரயிலேறி, செம்பூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போவார். ஆறும் முழுசாகப் போய்ச் சேர்ந்தால் ஆர்டர். இல்லையென்றால் மத்தியானம் பிளாஸ்டிக் உறைக்காரன் வருகிறான், அவனுக்குக் கையெழுத்து.

சுஜாவுக்கு இதில் போகப்போவது ஆர்டர் மட்டுமில்லை, மேசையும்தான்.

தாணேயில் ஒரு பேக்கிங் கம்பெனியில் பார்த்துவந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, பட்டறையில் எனக்கு ஒரு டிசைன் மேசை போதும் என்று வந்து உட்கார்ந்தவள் அவள். கணபதி சீசன் வரை அந்த மேசை உனக்கு என்று அப்பா ஒப்புக்கொண்டார். அதற்குள் ஒரு ஆர்டராவது பிடிக்காவிட்டால் மேசை ஸ்வீட் பாக்ஸ் அடுக்கப் போய்விடும், மகள் தாணேக்குப் போக வேண்டியதுதான். சீசன் வாசலுக்கு வந்துவிட்டது. சூசைமாணிக்கம் நாள் தவறாமல் மேசையின் ஓரத்தில் ஸ்வீட் பாக்ஸ் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார். கேட்டால், சும்மா இடம் போட்டு வைக்கத்தான் என்பார். இப்போது மேசையில் சுஜாவுக்கு மிஞ்சியிருப்பது ஒரு தட்டு வைக்கும் அளவு.

அவரே இப்போது ஏணி ஏறி வந்தார். வட்டங்களைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் மீசையைத் தடவுகிற சாக்கில் சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

"ஏட்டி, பேசாம வட்டத்தையே குடுத்துரு. புளிக்காய்ச்சல் பாட்டிலுக்கு அடியில வச்சிக்கிடட்டும்."

சுஜா அதற்குள் ஏணியில் பாதி இறங்கியிருந்தாள். மாரீஸ்வரி பின்னாலேயே ஓடிவந்து, வட்டக் கட்டுகளையும் வைரத் துண்டுப் பையையும் ஒரு பெரிய பையில் திணித்து அவள் தோளில் மாட்டினாள். ரத்திக் கோடவுன் ஷைஸ்தா சும்மா எதையும் திருப்பித் தர மாட்டாள், எடைக்கு எடை கேட்பாள், இதைக் கொடுத்து மாற்றிக்கொண்டு வா என்பது அவளுடைய யோசனை.

ரத்திக் கோடவுனில் பழைய பேப்பரும் அட்டையும் கூரையை முட்டிக்கொண்டிருந்தன. மூலையில் எல்லாவற்றையும் கட்டியாக அழுத்தும் மெஷின், காலைப் பசியோடு உறுமிக்கொண்டிருந்தது. அதன் வாய்க்கு நேராகச் சாக்குகள் வரிசையில் நின்றன. மூன்றாவதாக நின்ற சாக்கின் கழுத்தில் மாரீஸ்வரியின் பச்சை நைலான் முடிச்சு.

முதல் சாக்கு உள்ளே போனது. சுஜா ஓடினாள். இரண்டாவது சாக்கைத் தூக்கினார்கள். சுஜா காகித மலை ஒன்றில் முழங்கால் வரை புதைந்து எழுந்தாள். மூன்றாவது சாக்கின் மேல் அவள் போய் விழுந்தபோது மெஷின்காரர் இரண்டடி பின்வாங்கினார்.

ஷைஸ்தா ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. அவள் குடும்பம் உத்தரப் பிரதேசம். ஆனால் பிறந்து வளர்ந்தது மாரீஸ்வரி வீட்டுக்கு எதிர்வீட்டில். அவள் வாயில் இந்தியோடு திருநெல்வேலியும் சரளமாகப் புரளும். சுஜாவுக்கு அவள் ஆபா, அதாவது அக்கா.

"க்யாட்டி டிசைனர், காலையிலயே கட்டிப்பிடிச்சிட்டுக் கெடக்க? சாக்குக்கு உள்ள யாரு இருக்கா?"

"என் கேரியர் இருக்கு ஆபா. தெரியாமப் போட்டுட்டாங்க. வேணும்."

"கேட்டுக்கு உள்ள வந்தது என் மாலு, என் சரக்கு. எடைக்கு எடை வை, எடுத்துட்டுப் போ."

சுஜா சாக்கை அவிழ்த்தாள். மிதித்து அனுப்பியதாக மாரீஸ்வரி சொன்னது சும்மா இல்லை. அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. அத்தனை கேரியரும் அப்பளமாக நொறுங்கியிருந்தன. கொஞ்சம் நிமிர்ந்து தெரிந்த ஒன்றை விரல் விட்டுத் தூக்கினாள். மெலிந்த இடுப்பு இரண்டாகப் பிய்ந்து வந்தது.

அதற்குள் ஷைஸ்தா தட்டுத் தராசை இழுத்துப் போட்டுவிட்டாள். ஒரு தட்டில் சாக்கிலிருந்த கேரியர்கள் மொத்தமும். இன்னொரு தட்டில் சுஜா கொண்டுவந்த வட்டங்களும் வைரத் துண்டுகளும்.

வட்டத் தட்டு 'தொப்'பென்று தரையில் உட்கார்ந்தது.

ஷைஸ்தா மகிழ்ச்சியாகக் கை தட்டினாள். உன் சாமானை எடுத்துக்கொண்டு போனாலும் எனக்கு லாபம்தான், தினமும் இப்படி வந்து மாற்றிக்கொண்டு போ என்றாள். சுஜா சிரிக்கவில்லை. தராசையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கேரியரை அவள் எத்தனையோ தடவை எடை போட்டிருக்கிறாள். ஓட்டையை ஒரு தடவைகூட எடை போட்டதில்லை.

மிச்சம் பிடிக்கிறேன் என்று அவள் வெட்டி வெட்டி எறிந்ததெல்லாம் இதோ தட்டில் கிடக்கிறது, கேரியரைவிடக் கனமாக. ஷீட்டில் பாதிக்கு மேல் ரத்திக்குப் போகிறது. வானமாமலையோ அட்டையைச் சொந்தக் காசில் வாங்குகிறவர். எத்தனை ஷீட் உள்ளே போனது, எத்தனை கேரியர் வெளியே வந்தது என்று முதல் லோடிலேயே பார்த்துவிடுவார். கடித உறையின் உட்பக்கத்தைக்கூட விடாத மனிதர் இந்த ஓட்டையை விடுவாரா? இந்தக் கேரியர்கள் நொறுங்காமல் கிடைத்திருந்தாலும், இன்றைக்கு ஆர்டர் வாங்கி அடுத்த மாதம் அசடு வழிந்திருப்பாள்.

தாணே ரயில் கண் முன்னால் வந்து நின்றது. ஏறி உட்கார வேண்டியதுதான் பாக்கி.

கையில் இருந்த பிய்ந்த கேரியரை எறியப் போனவள், எறியவில்லை. அதன் ஒரு ஓட்டையில் வட்டம் முழுசாக விழாமல், ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு தொங்கியது. கத்தி சரியாக இறங்காத இடம். மாரீஸ்வரியின் கண்ணுக்கே தப்பிய ஒரே குறை. சுஜா அதைக் கீழிருந்து கட்டைவிரலால் மேலே தள்ளினாள். வட்டம் ஜன்னல் கதவு மாதிரி எழுந்து, விறைப்பாக நின்றது. மேலிருந்து அழுத்திப் பார்த்தாள். வளையவில்லை.

வட்டத்தை எதற்கு வெட்டி எறிய வேண்டும்?

நடுவிலிருந்து சுற்றிலும் கீறல் மட்டும் போட்டால்? ஆரஞ்சுச் சுளை மாதிரி. மூடி போட்ட பாட்டிலைக் கீழிருந்து மேலே தள்ளினால் சுளைகள் எல்லாம் எழுந்து, மூடி கடந்து போனதும் கழுத்தோடு சாய்ந்துகொள்ளும். மூடியின் விளிம்பு சுளைகளின் நுனியில் உட்காரும். பாட்டில் கனக்கக் கனக்க இறுக்கிப் பிடிக்கும். கீழே விழ ஒன்றும் இருக்காது. வட்டமும் இருக்காது, வைரமும் இருக்காது. எடை கொஞ்சம் கூடும், ஆனால் வாங்கிய அட்டை முழுக்கக் கேரியராகும்.

"ஆபா, நல்ல அட்டை ஒண்ணு வேணும். கசங்காதது."

"உங்க அப்பா போட்டதுதான் கெடக்கு. அந்தா பாரு, துல்ஹா மாப்பிள்ள."

சுவரோரம் சாய்த்து வைத்திருந்தது ஒரு கட்டு. கல்யாண ஸ்வீட் பாக்ஸுக்கு அச்சடித்து, மை கோளாறால் மாப்பிள்ளை முகம் மட்டும் பச்சைப் பசேலென்று விழுந்துவிட்ட ஷீட்கள். பெண் வீட்டார் போட்ட சத்தத்தில் சூசைமாணிக்கம் மொத்தமாக ரத்திக்குத் தள்ளியவை.

சுஜா ஒரு ஷீட்டை உருவித் தரையில் விரித்தாள். கைப்பையில் எப்போதும் இருக்கும் கட்டரை எடுத்தாள். தேவையான அளவு வட்டம் போட என்ன செய்வது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மாரீஸ்வரி பிசிறில்லாமல் வெட்டிய வட்டம் ஒன்றை வைத்துச் சுற்றிலும் பென்சிலால் வரைந்தாள். விரல் ஓட்டையையும் வெட்டி எடுக்காமல், மடித்து விட்டாள்.

சோதிக்க ஷைஸ்தாவின் மாங்காய் ஊறுகாய் பாட்டில் கிடைத்தது. தள்ளினாள். 'க்ளக்.' தூக்கினாள். பிடித்தது. இரண்டு தடவை ஆட்டினாள். கைப்பிடி 'சர்'ரென்று கிழிந்தது. ஷைஸ்தா பாய்ந்து ஊறுகாயைப் பிடித்துக்கொண்டு, மகனைப் பார்ப்பது போல் அதைப் பார்த்தாள்.

சுஜா ஷீட்டின் மூலையை இரண்டு பக்கமும் கிழித்துப் பார்த்தாள். ஒரு பக்கம் நூல் பிடித்தது போல் நேராகக் கிழிந்தது. இன்னொரு பக்கம் முரண்டு பிடித்தது. அவசரத்தில் அட்டையின் நார் ஓடும் திசையைப் பார்க்காமல் வெட்டியிருந்தாள். அடுத்த ஷீட்டைத் திருப்பிப் போட்டு, முரண்டு பிடிக்கும் பக்கத்தைக் கைப்பிடிக்குக் கொடுத்து வெட்டினாள். ஊறுகாய் பாட்டிலைக் கேட்டபோது ஷைஸ்தா தர மறுத்துவிட்டாள்.

ஆக, அந்தக் கேரியரை ஒரு தடவைகூடச் சோதிக்காமல்தான் சுஜா மாட்டுங்காவுக்குப் போனாள்.

வானமாமலை வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டு, குடையும் கையுமாகத் தயாராக நின்றார். கேரியரை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"மாப்பிள்ளைக்கு என்ன உடம்புக்கு?"

மாதிரிக்காகப் பட்டறையின் பழைய அட்டையில் வெட்டியது என்று சுஜா சொன்னாள். அவர் தலையாட்டினார். அன்றைக்குக் காட்டிய படம் வேறு மாதிரி, ஓட்டை ஓட்டையாக இருந்ததே என்று கேட்டார். மறைத்துப் பிரயோஜனமில்லை. கோடவுன் தராசிலிருந்து திரும்ப எடுத்து வந்திருந்த ஒரு கட்டு வட்டத்தை நீட்டினாள் சுஜா.

"ஸார், அந்த டிசைன்ல இவ்வளவும் வேஸ்ட் ஆகுது. கேரியர விட இது கனம். இன்னைக்குக் காலையிலதான் எடை போட்டேன்."

வானமாமலை வட்டக் கட்டைக் கையில் வாங்கினார். அவர் முகத்தில் ஒரு துக்க வீட்டுக் களை வந்தது. ஒன்றை உருவி, இரண்டு பக்கமும் பார்த்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு இன்னொன்று. பிறகு கட்டையே குடைக்குள் போட்டுக்கொண்டார்.

"இதுல எவ்வளவு விழறது?"

"ஒண்ணும் விழாது ஸார்."

"பாட்டிலும் விழாம இருந்தா சரி. வா."

கிங்ஸ் சர்க்கிளில் ஏறினார்கள். சனிக்கிழமை ஆனதால் கூட்டம் குறைவு, அதாவது மூச்சு விட முடிந்தது. சுஜா லேடீஸ் பெட்டியை விட்டுவிட்டு, அவரோடு ஜெனரலில் ஏறி நின்றாள். வானமாமலைக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியையும் பிடிக்க வேண்டும், குடையையும் பிடிக்க வேண்டும், கேரியரையும் பிடிக்க வேண்டும். இருப்பதோ இரண்டு கை. அவர் கொஞ்சமும் யோசிக்காமல் குடையின் வளைந்த பிடியை மேல் கம்பியில் மாட்டினார். கீழே தொங்கிய குடையின் நாடாவைக் கேரியரின் விரல் ஓட்டையில் விட்டு முடிச்சுப் போட்டார்.

அதற்கு நேர் கீழே, சீட்டில், வழுக்கைத் தலை ஒன்று வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது.

வண்டி கிளம்பியது. ஆறு பாட்டிலும் ஒரே ஆட்டமாக இடது பக்கம் போயின. வலது பக்கம் வந்தன. எண்ணெய் மிதக்கும் புளிக்காய்ச்சல் தலைக்கு மேல் போய் வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை பச்சையாக இருந்ததன் காரணம் சுஜாவுக்கு இப்போது புரிந்தது. அவருக்கும் பயம்.

கையால் தாங்கலாமா என்று அவள் நெருங்கினாள். வானமாமலை கண்ணாலேயே தடுத்தார். பரீட்சையில் உதவி கிடையாது. சுஜா அந்தோணியாரைக் கூப்பிட்டாள். செவ்வாய்க்கிழமைதோறும் மெழுகுவத்தி ஏற்றுவதாகச் சொன்னாள். வண்டி வளைவில் திரும்பியதும், செவ்வாயோடு வெள்ளியையும் சேர்த்துக்கொண்டாள்.

வடாலாவில் இறங்கி மாறும்போதுதான் அது நடந்தது. படியில் மேலே ஏறுகிற கூட்டம், கீழே இறங்குகிற கூட்டம். யாரோ ஒருவரின் லேப்டாப் பை கேரியரில் பலமாக இடித்தது. ஓரத்துப் பாட்டில் எகிறிச் சாய்ந்தது. சுளைகளில் இரண்டு மடங்கிப் போனதை சுஜா தன் கண்ணால் பார்த்தாள். மூடி ஒரு பக்கமாக உள்ளே இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது.

நின்றது.

மிச்சச் சுளைகள் அதைப் பிடித்துக்கொண்டன. தக்காளித் தொக்கு தலையைச் சாய்த்தபடி தொங்கியது, ஆனால் தொங்கியது. வானமாமலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வண்டியில் அவருக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது. கேரியரை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த சீட்காரருக்கு அதன் பெருமையை இந்தியில் விளக்கத் தொடங்கினார். சுனாபட்டி தாண்டும்போது பார்த்தால், எல்லாம் அவரே கண்டுபிடித்தது போல் இருந்தது.

செம்பூரில் தங்கை கதவைத் திறந்தார். வானமாமலை கேரியரைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, சுற்றி வந்து பார்த்தார். ஆறும் முழுசு. ஒரு சொட்டு எண்ணெய் வெளியே வரவில்லை. அவர் சுஜாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவள் அப்போதுதான் மூச்சை விட்டாள்.

தங்கை, அட்டையில் இருந்த மாப்பிள்ளையின் நிறத்தை விசாரித்துவிட்டு, புளிக்காய்ச்சலை எடுக்கப் போனார். பாட்டிலைப் பிடித்து மேலே இழுத்தார். வரவில்லை. கீழே இழுத்தார். வரவில்லை. கேரியரைத் தலைகீழாகத் திருப்பப் போனவரை வானமாமலை தடுத்தார். அவரும் இழுத்துப் பார்த்தார். மீன்முள் மாதிரி உள்ளே விட்டதை வெளியே விட மறுத்தன சுளைகள்.

"ஏன் அண்ணா, இது சாப்பிடறதுக்கா? இல்ல பூஜையில வச்சுப் பாத்துண்டு இருக்கறதுக்கா?"

வானமாமலையின் புருவம் இறங்கியது. சுஜாவுக்கு மறுபடியும் தாணே ரயிலின் ஹாரன் கேட்டது. போய்ச் சேர்வதை மட்டுமே யோசித்திருந்தாள் அவள். போய்ச் சேர்ந்த பிறகு ஒருத்தர் சாப்பிட வேண்டும் என்பது அவள் படத்தில் எங்குமே இல்லை. சொல்ல ஒரு வழி தேடி அவள் வாயைத் திறப்பதற்குள், தங்கை பொறுமை இழந்து, பாட்டில் அங்கேயே இருக்க, மூடியை மட்டும் பிடித்துத் திருகினார்.

மூடி சுலபமாகத் திறந்துகொண்டது.

அவர் ஒரு கணம் கையைப் பார்த்தார். மூடியைத் திரும்பப் போட்டு, திரும்பத் திறந்தார். ஒற்றைக் கையால். மணிக்கட்டு வலிக்காரி அவர். எண்ணெய்க் கையோடு ஒரு கையால் பாட்டிலையும் மறு கையால் மூடியையும் பிடித்துப் போராடுவது அவருக்குத் தினப்படி தண்டனை. இப்போது மற்ற ஐந்து பாட்டிலும் சேர்ந்து இந்த ஒன்றை நகரவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தன.

"இத எதுக்கு எடுக்கணும்? இப்படியே இருக்கட்டும். எத்தனை வருஷமாச் சொல்றேன், உங்க பாட்டிலத் திறக்க ஒரு ஆள் வேணும்னு."

மூடி இல்லாத பாட்டிலை சுஜா லேசாகக் கீழே அழுத்தினாள். பிடிக்க விளிம்பு இல்லாததால் அது சமர்த்தாகக் கையில் இறங்கி வந்தது. காலியானதும் இப்படி எடுத்துக்கொள்ளலாம் என்று, நெடுநாள் திட்டமிட்டவள் போல் விளக்கினாள். வானமாமலை அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனாலும் போனை எடுத்து பிளாஸ்டிக்காரனுக்கு மத்தியானம் வர வேண்டாம் என்று சொன்னார். பேச்சை இழுக்காமல் வைத்தார், அதிலும் மிச்சம்.

பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அந்தப் பச்சை மாப்பிள்ளை ஷீட் இன்னும் எவ்வளவு இருக்கு? முதல் லாட்ட அதுலயே போட்டுடலாமே."

தங்கை போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, மாடிப்படி இறங்கும்போதே சுஜா பட்டறைக்குப் போன் போட்டாள். சூசைமாணிக்கம் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு ஏதோ கட்டுகளை நகர்த்தும் ஓசை மட்டும் வந்தது.

"மேசையில இருந்த பாக்ஸ எல்லாம் எறக்கிட்டேம்மா."

"எல்லாத்தையுமா?"

"ஓரத்துல ஒரே ஒரு கட்டு. சும்மா இடம் போட்டு வைக்க."

போன் மாரீஸ்வரி கைக்கு மாறியது. அவளுக்கு ஆர்டரைப் பற்றி அக்கறையில்லை, அது வருமென்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு வேண்டியது வேறு விவரம். இந்தத் தடவை எது சரக்கு, எது வேஸ்ட் என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடச் சொன்னாள். சுஜா சொன்னாள். வட்டம் விழாது, வைரம் விழாது, கீழே ஒன்றுமே விழாது, வருவது அத்தனையும் சரக்கு.

மாரீஸ்வரிக்கு அது போதவில்லை.

"அப்ப ஒரு மாதிரி வெட்டி ஆணியில மாட்டிட்டுப் போ பிள்ள. ஒன்ன நம்ப முடியாது."